பள்ளிக்கரணை: ஒரு சாண் தண்ணீர்க் கணக்கு

"ஒரு கிலோமீட்டர் தடை எங்கள் மனைக்கும் உண்டா?" பெரும்பாக்கம், துரைப்பாக்கம் வாசகர்கள் பலரும் எழுதிக் கேட்கிறார்கள். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பின் ராம்சார் (பன்னாட்டு ஈரநில உடன்படிக்கை) எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் புதுக் கட்டுமான அனுமதி கூடாது என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. எல்லையைக் களத்தில் அளந்து முடிக்கும்வரை என்றே அந்தத் தடை விதிக்கப்பட்டது.

2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறிய பரப்பு 1,247.54 ஹெக்டேர். அதில் காப்புக்காடு பாதிக்குச் சற்றே மேல். மீதி எந்தெந்த சர்வே எண் என்பதில்தான் தகராறு. அரசுக் கணக்கில் சதுப்பு நிலம் என்றால் ஆவணம் அப்படிச் சொல்லும் நிலம். ஐப்பசி மழையில் தண்ணீர் பரவி நிற்கும் நிலம் அதைவிடப் பெரியது.

எல்லைக்கு வெளியே மண் கொட்டினால் உள்ளே பறவைக்கு என்ன கேடு? இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மனையை மேடாக்கியதும், அங்கே பரவி நின்ற தண்ணீர் மிச்சமிருக்கும் சதுப்பில் ஏறுகிறது. வடிகாலோ ஒக்கியம் மடுவு ஒன்றுதான். சதுப்பின் பரப்பு குறையாது, ஆழம் கூடும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் தண்ணீர்வரை நடந்து இரை தேடும். பட்டாணி உப்புக்கொத்திக்கு ஈரச் சேறே போதும், முழங்கால் தண்ணீர் ஆகாது. கோடையிலும் நிற்காத கழிவுநீர் அந்தச் சேற்றை வெளியே தெரியவிடுவதில்லை. ஆழத்தில் நீந்தும் கூழைக்கடா அப்படியே இருக்கும். அதைப் படமெடுத்துப் போட்டு, பறவைகள் குறையவில்லை என்று காட்டிவிடலாம். முதலில் போவது சின்னக் கால் பறவைகள். இன்னும் வருத்தம், தூர்வாரி ஆழப்படுத்துவதற்கே 'சீரமைப்பு' என்று பெயர் வைத்திருப்பது. ஆழப்படுத்திய சதுப்பு ஏரியாகிவிடும். வெள்ளத்துக்கு அது உதவலாம், உப்புக்கொத்திக்கு உதவாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. சாலை போட்டால்? துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பை இரண்டாக வெட்டியே போகிறது.

பெருங்குடி குப்பைமேடு? சதுப்பின் மேல்தான் இருக்கிறது.

பட்டா இருந்தால் கட்டலாமா? பட்டா வருவாய்த்துறைப் பதிவு, கட்டட அனுமதி அல்ல.

என் மனை எல்லைக்குள்ளா? சர்வே எண்ணோடு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சிஎம்டிஏ) எழுத்துமூலம் கேளுங்கள். தரகர் காட்டும் வரைபடத்தை நம்பி முன்பணம் தராதீர்கள்.