எஃப் கார்டு ஏன் அழ வைக்கிறது?

கிட்டார் வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் வாரம் அது கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். அடுத்த மாதம் படுக்கையறை மூலைக்குப் போகும். தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது பார்த்தால், உறை போட்டு அலமாரி மேல் ஏறியிருக்கும். புதிதாகக் கிட்டார் எடுப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் ஆண்டுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள் என்று ஃபெண்டர் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஆண்டி மூனி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிட்டார் விற்பவரே சொல்லும் கணக்கு என்பதால் அதைக் கொஞ்சம் கவனிக்கத்தான் வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். இ மைனர் வந்துவிடும், ஜி வந்துவிடும், சி-யும் ஒரு வழியாகப் பிடிபட்டுவிடும். அடுத்தது எஃப். கழுத்தில் வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகள்தாம் ஃப்ரெட்டுகள். ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் குறுக்கே படுக்க வைத்து ஆறு கம்பிகளையும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் அதே நேரத்தில் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். மீட்டினால் ஆறில் மூன்று கம்பி 'டொக் டொக்' என்று செத்த ஒலி எழுப்பும். "என் விரல் குட்டை", "நமக்கெல்லாம் இசை வராது" என்று தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வழக்கைச் சரியாக விசாரித்தால், விரலின் மேல் உள்ள குற்றம் கொஞ்சம்தான்.

ஒரு கிளாசிக்கல் கிட்டாரில் கம்பியின் அதிரும் நீளம் பொதுவாக 650 மி.மீ. தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டைக்கு நட் என்று பெயர். அதிலிருந்து முதல் ஃப்ரெட் 36.5 மி.மீ. தள்ளி இருக்கிறது, ஐந்தாவது ஃப்ரெட் 163 மி.மீ. தள்ளி. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நடுவில் பிடித்து இழுத்தால் சுலபமாகத் தாழும், ஆணிக்குப் பக்கத்தில் இழுத்தால் அசையவே அசையாது. கிட்டார் கம்பியும் அப்படித்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், கம்பியை ஒரு மில்லிமீட்டர் கீழே தள்ள ஐந்தாவது ஃப்ரெட்டில் எவ்வளவு விசை வேண்டுமோ, அதைப்போல் மூன்றரை மடங்கு முதல் ஃப்ரெட்டில் வேண்டும். அதை ஆறு கம்பிகளுக்கும் சேர்த்து ஒற்றை விரல் கொடுக்க வேண்டும்.

நன்றாகச் செய்த கிட்டாரில் இந்தத் தொல்லை இவ்வளவு தெரியாது. நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களை ஆழமாக அறுத்திருப்பார்கள். கம்பி முதல் ஃப்ரெட்டுக்கு வெகு அருகிலேயே கிடக்கும், தள்ள வேண்டிய தூரமே குறைவு. ஆனால், பள்ளம் ஒரு மயிரிழை கூடுதலாக ஆழ்ந்துவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரையத் தொடங்கும். அந்த வம்பு வேண்டாம் என்று விலை மலிவான கிட்டார்களில் நட்டை உயரமாகவே விட்டுவிடுவார்கள். முதன்முதலாகக் கற்பவர் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த மலிவான கிட்டார்தான். கைதேர்ந்தவருக்கு எளிதான கருவி, கற்றுக்குட்டிக்குக் கடினமான கருவி என்று உலக வழக்கு தலைகீழாக இருக்கிறது.

சோதிப்பது எளிது. ஒரு கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பார்க்க வேண்டும். காகிதத் தாள் அளவு இருந்தால் நட் சரி. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் உயரம் அதிகம். அடுத்து, 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சாதாரண ஸ்கேலை வைத்தே அளக்கலாம். இதை 'ஆக்‌ஷன்' என்பார்கள். ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டாரில் ஆறாம் கம்பிக்கு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் கை வலிக்காது. நான்கைத் தொட்டால், கார்டு புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கருவி பழுதுபார்ப்பவரிடம் 'செட்டப்' செய்யக் கொடுப்பதே முதல் பாடம்.

இரும்புத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இளைஞர் இந்தப் பாடத்தை வேறு வழியில்லாமல் படித்தார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் வலக்கை விரல்களால்தான் கம்பியை அழுத்துவார். 1965-இல், இசையை முழுநேரத் தொழிலாக்கும் எண்ணத்தோடு வேலையை விடவிருந்த கடைசி நாளன்று, எந்திரத்தில் சிக்கி அந்தக் கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. கிட்டாரையே விட்டுவிட இருந்தவருக்கு, தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். 1928-இல் தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கியபின், மீதி விரல்களை வைத்துக்கொண்டே ஐரோப்பிய ஜாஸ் உலகை ஆண்டவர் ஜாங்கோ.

அயோமி பாத்திரம் துலக்கும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். அதைவிட முக்கியமானது, கிட்டாரை அவர் தன் விரலுக்கு ஏற்ப மாற்றியது. மெல்லிய கம்பி கடையில் கிடைக்காத காலத்தில் பாஞ்சோ கம்பிகளை மாட்டினார். பிறகு எல்லாக் கம்பிகளையும் மூன்று அரைச்சுரம் தளர்த்திக் கட்டினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் 1971-ஆம் ஆண்டு இசைத்தட்டில் கேட்கும் அந்தக் கனத்த, இருண்ட நாதத்தில் இந்தத் தளர்வுக்கும் பங்கு உண்டு.

அவர் செய்ததற்குப் பின்னால் உள்ள விதியை 1636-இலேயே மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதி வைத்துவிட்டார். கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மூன்று அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை 29 விழுக்காடு குறைந்துவிடும். இரண்டு அரைச்சுரம் இறக்கினாலே ஐந்தில் ஒரு பங்கு குறையும். புதிதாகக் கற்பவர் தாராளமாக அப்படி இறக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டினால் பழைய சுருதியே திரும்பி வரும். கம்பியும் தாழும், ஃப்ரெட்டுகளும் நெருங்கும். முதல் கம்பியை 12 கேஜ் தடிமனிலிருந்து 10-க்கு மாற்றினால் அதன் இழுவிசை 30 விழுக்காடு குறையும். ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை இழுக்கும் விசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். நைலான் கம்பிகள் என்றால் சுமார் 40 கிலோதான். "கஷ்டப்பட்டுப் பழகினால்தான் கை வரும்" என்று தடித்த கம்பியைச் சிபாரிசு செய்யும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

இனி எஃப். நேராக அதன்மேல் பாய்வதைவிடப் படி வைத்து ஏறலாம். சி கார்டைப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை அசைக்காமல், நடுவிரலையும் மோதிர விரலையும் தத்தம் ஃப்ரெட்டிலேயே ஒரு கம்பி கீழே இறக்கினால் எஃப் மேஜர் செவன் வந்துவிடும். பல பாட்டுகளில் எஃப் இருக்கும் இடத்தில் இதுவே போதும், காதுக்கு இன்னும் இனிமையாகவும் இருக்கும். அடுத்து ஆள்காட்டி விரலால் கீழ் இரண்டு கம்பிகளை மட்டும் சேர்த்து அழுத்தப் பழகுவது. ஆறு கம்பிகளையும் ஒற்றை விரலால் அழுத்தும் முழு பார் பிடிப்பை ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்கி, கை தேறத் தேற நான்கு, மூன்று என்று நட்டை நோக்கி இறங்கி வருவது கடைசி. ஆள்காட்டி விரலின் சதைப்பக்கத்தைவிட, கட்டைவிரலை நோக்கிய எலும்புப்பக்கம் சற்றுச் சாய்ந்து படிந்தால் கம்பிகள் நன்றாக அழுந்தும்.

எந்தக் கார்டானாலும் விரல் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னே, ஏறக்குறைய ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். அங்கே கொஞ்சம் தொட்டாலே ஒலி தெளிந்துவிடும். எவ்வளவு அழுத்துவது என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது: கம்பியின் மேல் விரலைச் சும்மா வைத்து மீட்டிக்கொண்டே, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டினால் செத்த ஒலி இரைச்சலாகி, ஒரு கட்டத்தில் சட்டென்று தெளியும். அந்த அளவே போதும். அதற்குமேல் அழுத்தினால் கம்பி நீண்டு சுருதி ஏறுமே தவிர வேறு பயனில்லை.

விரல் நுனி எரிவது முதல் சில வாரங்களில் எல்லோருக்கும் உண்டு. தோல் தடித்ததும் போய்விடும். கொப்புளம் வந்த விரலோடு வாசித்தால் தடிப்பு உரிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால் சங்கதி வேறு. அது பழகிப்போகும் வலியன்று. உட்காரும் விதத்தையும் மணிக்கட்டின் மடிப்பையும் திருத்தச் சொல்லும் வலி.

சுருதி சேர்ப்பதற்கு இப்போது கைப்பேசியிலேயே ட்யூனர் கிடைக்கிறது. இருந்தாலும் காதால் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஆறாம் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட் 110 ஹெர்ட்ஸ். திறந்த ஐந்தாம் கம்பியும் அதேதான். ஐந்தாம் கம்பி 108-இல் நின்றால், இரண்டையும் சேர்த்து மீட்டும்போது ஒலி நொடிக்கு இரண்டு முறை எழும்பி அடங்கும். பதினோராம் வகுப்பில் விம்மல் என்று படித்து மதிப்பெண் வாங்கியது இதுதான். முறுக்க முறுக்க அலைவு நிதானமாகி, கடைசியில் நின்றுவிடும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை, ஈரப்பதம். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்கிறார்கள் கிட்டார் செய்பவர்கள். ஐப்பசி மழையில் அதை யார் கேட்கிறார்கள்? மரம் ஈரம் குடித்து மேற்பலகை லேசாகப் புடைக்கும், கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் எழும்பும், கம்பியும் உயரும். போன மாதம் வந்த கார்டு இந்த மாதம் வரவில்லை என்று மனம் உடைவதற்குமுன் ஸ்கேலை எடுத்து மறுபடி ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

கருவி சரி, பயிற்சி? 2009-இல் ராபர்ட் டியூக் என்ற இசைக் கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், தேர்ந்த 17 பியானோ மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச்சின் கச்சேரி இசையிலிருந்து கடினமான ஒரு துண்டைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்க வைத்துத் தரம் பிரித்தார்கள். எத்தனை நிமிடம் பயின்றார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் தரத்துக்கும் தொடர்பே தென்படவில்லை. முன்னணியில் வந்தவர்களும் தப்பு செய்தவர்கள்தாம். ஆனால், தப்பு நேர்ந்த இடத்திலேயே நின்று, வேகத்தைக் குறைத்து, அந்த இடம் சரியாகும்வரை விடவில்லை. மற்றவர்கள் அதே இடத்தில் அதே தப்பைப் பலமுறை செய்து பழகிக்கொண்டார்கள்.

கிட்டாருக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாட்டு ஜி-யிலிருந்து சி-க்கு மாறும் இடத்தில் தடுக்கினால், பாட்டை விட்டுவிட்டு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் மெட்ரோனோம் வைத்து மெதுவாகச் செய்ய வேண்டும். எந்த விரல் அசைய வேண்டியதில்லை என்றும் பார்த்துவிட வேண்டும். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரல் மட்டும் நகர்ந்தால் போதும். கற்பவர்களில் பாதிப் பேர் மூன்று விரல்களையும் தூக்கி மறுபடி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

தூக்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. 2002-இல் மேத்யூ வாக்கரும் சகாக்களும் நடத்திய சோதனையில், இடக்கை விரல்களால் ஒரு வரிசைப்படி விசைகளைத் தட்டப் பழகியவர்கள், இரவு தூங்கி எழுந்தபின் கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே சுமார் 20 விழுக்காடு வேகம் கூடியிருந்தார்கள். பகலில் விழித்தபடி அதே அளவு நேரம் கழித்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு மணி நேரம் மாரடிப்பதைவிட, தினமும் இரவுச் சாப்பாட்டுக்குமுன் கால் மணி நேரம் வாசிப்பது லாபம். வாரத்துக்கு ஏழு தூக்கம் கிடைக்கும்.

நாற்பது வயதில் தொடங்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். 1995-இல் தாமஸ் எல்பர்ட் குழுவினர் கம்பிக் கருவி வாசிக்கும் ஒன்பது பேரின் மூளையை ஆராய்ந்தார்கள். அதில் ஒருவர் கிட்டார் கலைஞர். இடக்கை விரல்களுக்கு மூளையில் உள்ள இடம் மற்றவர்களைவிட இவர்களுக்கு விரிந்திருந்தது. சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு அதிகம் விரிந்திருந்தது உண்மை. ஆனாலும் 1943-இல் பிறந்த இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்கத் தொடங்கியது 1968-இல்; லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியது அதற்கும் பிறகு.

எல்பர்ட்டின் ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு. கட்டைவிரலுக்கான இடம் மற்ற விரல்களைப்போல் அவ்வளவாக விரியவில்லை. கழுத்துக்குப் பின்னால் சாய்ந்து நிற்பதைத் தவிர அதற்கு அதிக வேலை கிடையாது. புதிதாகக் கற்பவர்களோ அதைத்தான் இடுக்கிபோல் வைத்து நெரிப்பார்கள். பத்து நிமிடத்தில் உள்ளங்கை கடுக்கத் தொடங்கிவிடும். கார்டைப் பிடித்தபடியே கட்டைவிரலை ஒரு கணம் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, முழங்கையின் எடையை மட்டும் பின்னோக்கி இழுக்கவிட்டு மீட்டிப் பார்க்கலாம். ஆக்‌ஷன் சரியாக இருக்கும் கிட்டாரில் எஃப் கார்டின் பெரும்பாலான கம்பிகள் அப்போதும் ஒலிக்கும்.