கணப்படுப்பும் வெள்ளைச் சுவரும்

பதுளை நகரில் வாழ்வோருக்குக் கணப்படுப்பு என்பது ஆங்கிலக் கதைகளில் வரும் பொருளாகவே தோன்றும். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. மார்கழிக் குளிருக்கும் ஒரு கம்பளி போதும். புகையிரதமேறி அப்புத்தளைக்குச் சென்றாலோ உயரம் 1,400 மீற்றரைத் தாண்டிவிடும். நூறு மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை அரைப் பாகைக்கு மேல் குறையும் என்ற கணக்கை மாணவர் அறிவர். அந்த நாலைந்து பாகை வேறுபாட்டுக்காகவே வெள்ளைக்காரத் துரைமார் தம் பங்களாக்களிற் கணப்படுப்பும் கூரைக்கு மேலே நீண்ட புகைக்கூண்டும் வைத்துக் கட்டினர். சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டி 1931 இல் முடித்த அடிசம் மாளிகை இவற்றுட் பெயர் பெற்றது. இன்று அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம்.

அடிசம் கருங்கல்லால் ஆனது. நாம் எழுத வந்தது செங்கற் சுவர்களைப் பற்றி. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையான பின் பழைய சிறு பங்களாக்களும் உத்தியோகத்தர் விடுதிகளும் பல கைகள் மாறின. இன்று அவற்றில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் குடியிருக்கின்றனர். சில, உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாகிவிட்டன. குடிவந்தோர் முதலிற் செய்ய நினைப்பது, கரி படிந்து கறுத்த கணப்படுப்புச் சுவரைப் புதுப்பிப்பதே.

நாமும் அதைத்தான் செய்தோம். பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் இடையே அத்தகைய வீடொன்றில் நாம் குடியேறிய ஆண்டு, தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது எம் இல்லத்தாரின் விருப்பம். கடைக்காரர் சிறந்ததென்று எடுத்துத் தந்த பளபளப்பான எண்ணெய் வர்ணத்தை இரண்டு முறை பூசினோம். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியது. கார்த்திகை முடிவதற்குள் சுவரில் அப்பளம்போற் கொப்புளங்கள் எழுந்தன. விரலால் அழுத்தினால் உள்ளிருந்து நீர் கசிந்தது. தைப் பொங்கலன்று வர்ணம் தோலுரிந்து தொங்கிற்று. அதனடியில் செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. வர்ணம் போலியென்று கடைக்காரரோடு வாதாடச் சென்றோம். வர்ணத்தின்மேற் குற்றமில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

உணர்த்தியவர் தோட்டத்து முதிய மேசன் ஒருவர். தந்தைக்குப் பின் தாமும் லயங்களுக்கு வெள்ளையடித்து வளர்ந்தவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “செவத்த மூடிப்புட்டீங்க சேர், அதுக்கு மூச்சு முட்டுது” என்றார். அன்று நாம் அதை வெறும் பேச்சு வழக்கென்று எண்ணினோம். அதுவே மெய்யான பௌதிகம்.

உலர்ந்த செங்கல் ஒன்றை வாளித் தண்ணீரில் இட்டுப் பாருங்கள். குமிழிகள் சரஞ்சரமாக மேலெழும். கல்லுக்குள் இருந்த காற்று வெளியேற, நீர் அவ்விடத்தை நிரப்புகின்றது. ஊவாவின் பழைய சுவர்கள் பலவற்றில் நிலத்து ஈரத்தைத் தடுக்கும் படை இல்லை. மழைக்காலத்தில் ஈரம் அத்திவாரத்திலிருந்து ஏறும். வெயில் வந்ததும் சுவரின் முகத்தால் ஆவியாய் வெளியேறும். சுண்ணாம்புப் பூச்சு இந்தப் போக்குவரவைத் தடுப்பதில்லை. எண்ணெய் வர்ணமோ, தடித்த பிளாஸ்ரிக் வர்ணமோ, சீமெந்துப் பூச்சோ அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் தன்னுடன் கொண்டுவந்த உப்பை மேற்பரப்பின் கீழே விட்டுச்செல்ல, அந்த உப்புப் படிகங்கள் வளர்ந்து செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும். பழைய செங்கல் மென்மையானது. அதனால் இந்தத் தாக்குதலை நெடுங்காலம் தாங்காது.

சுண்ணாம்பு மட்டும் சுவரோடு இத்துணை இணங்குவது ஏன்? இவ்விடத்தில் ஆசிரியத் தொழில் எம்மைச் சும்மா இருக்கவிடவில்லை, வாசகர் பொறுத்தருள்க. சுண்ணக்கல்லை ஏறக்குறைய 900 பாகை வெப்பத்திற் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் சேர்த்தால் அது கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சுவரிற் பூசும்போது, காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஏற்று மறுபடியும் சுண்ணக்கல்லாகின்றது. தெளிந்த சுண்ணாம்பு நீரிற் குழலால் ஊதினால் அது பால்போலக் கலங்குவதை வகுப்பறையிற் காட்டுகின்றோமன்றோ? அந்தச் சோதனையே சுவரின்மீது பல நாட்கள் நடக்கின்றது. சுண்ணாம்பு வெறுமனே காய்வதன்று, கல்லாவது என்பதை மனத்திற்கொண்டால் அடிக்கும் முறை தானே விளங்கும்.

பதுளை, வெலிமடைப் பகுதிகளிற் சுண்ணக்கற் படுகைகள் உண்டு. புகையிரதம் 1893 இல் அப்புத்தளைக்கும் 1924 இலேயே பதுளைக்கும் வந்தது. அதற்கு முன் பாரமான பொருள் யாவும் மாட்டுவண்டியில் மலையேறவேண்டும். அந்நாளில் பக்கத்துக் குன்றிலேயே கல்லிருப்பது சிறிய வசதியன்று. மலைநாட்டுச் சுண்ணக்கல் பலவிடத்து மகனீசியம் கலந்தது. அத்தகைய சுண்ணாம்பு மெதுவாகவே நீறும்; எனவே நீண்ட நாள் ஊறவிடவேண்டும். அவசரப்பட்டு அடித்தால் நீறாத துகள்கள் பின்னர் சுவரிலிருந்தே வெடித்துக் குழி விழும்.

எம் சுவரை மேசன் திருத்திய வகையைக் கூறுவோம். முதலில் எண்ணெய் வர்ணம் முழுவதையும் நீக்கவேண்டியிருந்தது. எண்ணெய்ப் பூச்சின்மேற் சுண்ணாம்பு பற்றாது. சுவரை நனைத்து நனைத்தே சுரண்டினார். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. உலரச் சுரண்டினால் எழும் தூள் குழந்தைகளின் மூளைக்குத் தீங்கு செய்யும். கம்பித் தூரிகையை அவர் தொடவேயில்லை. அது செங்கல்லின் மேற்றோலைக் கிழித்துவிடுமாம். இந்த ஒரு வேலைக்கே ஒன்பது நாள் சென்றது. உதிர்ந்த இடைவெளிகளைச் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்தால் அடைத்தார். சீமெந்து கலப்போமா என்று நாம் கேட்டபோது அவர் விடையிறுக்கவில்லை. பார்த்த பார்வையே போதியதாயிற்று.

தகரப் பீப்பாயில் நீரை விட்டு, அதிற் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட்டார். சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்ரிக் வாளி வெப்பத்தில் இளகிவிடும். கண்ணிற் பட்டாற் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்லவேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிந்தே வேலை செய்க, பிள்ளைகளை அண்டவிடலாகாது. சில வாரம் ஊறிய சுண்ணாம்பைத் துணியில் வடித்துப் பால் பதத்திற் கரைத்து, பளிச்சென்ற வெண்மைக்காக உடுப்புக்குப் போடும் நீலத்திற் சிறிது சேர்த்தார். சுவரை நனைத்துவிட்டு மிக மெல்லியதாக அடித்தார். அடித்தவுடன் சுவர் நிறம் மாறவேயில்லை. ஏமாந்துவிட்டோம் என்று இல்லத்தார் முணுமுணுத்தனர். மறுநாட் காலையில் சுவர் வெளுத்திருந்தது. நாளுக்கொன்றாக நாலு முறை அடித்தார்.

தடிப்பாக ஒரே முறையில் அடிப்போரின் சுவரே, முதுகு சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகின்றது. விரைவிற் காய்ந்தாலும் அவ்வாறே. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் யன்னலைத் திறந்துவைத்து அடிப்பது வீண். அடைமழையிலோ ஈரச் சுவர் காயாது. எமது வழக்கமான தீபாவளி, பொங்கல் வெள்ளையடிப்பு ஊவாவின் மழைக்காலத்திலேயே வருகின்றது என்பது விந்தை. ஆவணிக் கடைசியிலேயே தொடங்கிவிடுதல் நன்று.

கணப்படுப்பின் முகப்பைப் பொறுத்தவரை வேறொரு சங்கடம் உண்டு. மேற்கரியை உலர்ந்த தூரிகையாலும் சலவைச் சோடா கரைத்த வெந்நீராலும் போக்கலாம். ஆனால் பல்லாண்டு விறகெரிந்த இடத்தில் தார் கல்லுக்குள் ஊறியிருக்கும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் தேயிலைச் சாயம்போல மஞ்சட் கறை மேலே வரும். எம் வீட்டில் மூன்று முழ அகலத்துக்கு அவ்வாறு வந்தது. அவ்விடத்தை வெறுஞ் செங்கல்லாகவே விட்டுவிட்டோம். நெருப்பு எரியும் உட்குழியில் வீட்டு வர்ணம் எதையும் பூசலாகாது. அது சூட்டிற் கருகி நச்சுப் புகை கக்கும். சுண்ணாம்பு எரியாது, எனினும் மறுவாரமே கறுத்துவிடும் இடத்துக்கு வெள்ளை எதற்கு? புகைக்கூண்டைத் துப்புரவாக்குவதே அங்கு செய்யத்தக்கது.

புகைக்கூண்டு என்றதும் மேசனின் லயம் நினைவுக்கு வருகின்றது. வேலைக்கு அழைக்கச் சென்றபோது கண்டோம். துரைமாரின் குளிருக்குப் புகைபோக்கி கட்டிய அதே மலையில், தொழிலாளர் சோறாக்கும் அடுப்புக்குப் பெரும்பாலான லயங்களில் அது வைக்கப்படவில்லை. கவ்வாத்து மிளாறு எரியும் புகை, காம்பராவையெல்லாம் சுற்றிவிட்டுத் தகர இடுக்கால் வெளியேறவேண்டும். ஆண்டுதோறும் அவர் தம் சுவருக்கு வெள்ளையடிக்கின்றார். மாசி பிறக்குமுன் அது கறுத்துவிடுகின்றது. சுவரிற் படிவதே நெஞ்சிலும் படிகின்றது. அவர் பேத்தி இரவெல்லாம் இருமுவதாக மனைவியார் கூறினார். தோட்டங்களில் இப்போது எழும் தனி வீடுகளைப் பற்றிக் கேட்டோம். எதிர்பார்த்திருப்பதாகக் கூறிச் சிரித்தார்.

எமது வேலை முடிந்த மாலையிற் கூலியை வாங்கி மடியிற் செருகிக்கொண்டவர், போகாது நின்றார். பின்பு கணப்படுப்பின்முன் மண்டியிட்டு உள்ளே தலையை நீட்டி, புகைக்கூண்டு தொடங்கும் வாயின் அகலத்தைச் சணற் கயிற்றால் அளந்தார். முன்வாயின் உயரத்தையும் அளந்து முடிச்சிட்டார். “வீட்டுக்குங்களா?” என்று எம் இல்லத்தார் கேட்டனர். “தகரக் குழாயில ஒண்ணு செஞ்சு பாக்கலாம்னு, அம்மா” என்றார். கொல்லையிற் கிடந்த பழைய தகரக் குழாய்த் துண்டுகள் இரண்டையும் அவரோடு லயம்வரை நாம் சுமந்து சென்றோம்.