இருவர் சைக்கிளில் கைக்கு எட்டும் இடத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

கண் பார்வை இல்லாத ஒருவர் சைக்கிள் மிதித்து ஊர் சுற்றி வர முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் முடியும். அதற்கு ஏற்ற வண்டி ஒன்று இருக்கிறது. முன்னும் பின்னுமாக இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், இருவரையும் தாங்கும் நீளமான பிரேம். இதற்கு டேன்டம் சைக்கிள் என்று பெயர். பார்வை உள்ளவர் முன்னால் அமர்ந்து ஹேண்டிலைத் திருப்புவார், பிரேக் பிடிப்பார், கியர் மாற்றுவார். பார்வை இல்லாதவர் பின்னால் அமர்ந்து சமமாக மிதிப்பார்.

இது புதிய வண்டி அல்ல. 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் டேன்டம் பந்தயம் நடந்தது. பிறகு 1920 முதல் 1972 வரையிலான ஒலிம்பிக் போட்டிகளிலும் அது இடம்பெற்றது. இன்று பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடு உள்ள வீரர்கள் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்வது இந்த வண்டியில்தான். நம் நாட்டில் புனேயைச் சேர்ந்த அட்வெஞ்சர்ஸ் பியாண்ட் பேரியர்ஸ் என்ற அமைப்பு, பார்வை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஜோடி சேர்த்து, மணாலியிலிருந்து ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள கர்துங் லா கணவாய் வரை டேன்டம் சைக்கிளில் அழைத்துச் சென்றிருக்கிறது.

நம் பகுதியில் யாராவது இப்படி ஒரு வண்டி வாங்கினாலோ, இரவல் பெற்றாலோ, முதல் நாளே ஒரு கேள்வி எழும். தண்ணீர், போன், மருந்து, சாவி, கைக்குட்டை, வெள்ளைக்கோல் ஆகியவற்றை எங்கே வைப்பது? சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பின்னால் இருப்பவர் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பவரைக் கேட்டுக் காத்திருக்கிறாரா என்பது இதைப் பொறுத்தே அமைகிறது.

யாருடைய கைக்கு ஓய்வு இருக்கிறது?

முன்னால் இருப்பவரின் இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறது. கண்ணுக்கும் வேலை இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடக்கிறது. அவர் பையைத் தேடி இரண்டு நொடி குனிந்தால், பதினொரு மீட்டர் தூரம் வண்டி பார்வையில்லாமல் ஓடுகிறது என்று பொருள். அந்தப் பதினொரு மீட்டருக்குள் ஒரு பள்ளமோ, குறுக்கே ஓடும் நாயோ, திடீரென்று திரும்பும் ஆட்டோவோ வரலாம்.

பின்னால் இருப்பவரின் நிலை வேறு. அவர் பிடித்திருக்கும் ஹேண்டில், முன் சீட்டைத் தாங்கும் குழாயோடு இறுக்கப்பட்டிருக்கும். அது திரும்பாது. அதனால் அவர் ஒரு கையை எடுத்தாலும் வண்டியின் திசை மாறாது. உடம்பைச் சட்டென்று சாய்க்காமல் இருந்தால் போதும். ஓடும் வண்டியில் பையைத் திறக்கவும் பாட்டிலை எடுக்கவும் வசதி உள்ளவர் அவரே. பொருள் காப்பவர் என்ற பொறுப்பை அவரிடம் கொடுப்பதே பொருத்தம்.

நிறுத்தி எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். இருவரின் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்தால் 150 கிலோவை எளிதில் தாண்டும். சாதாரண சைக்கிளில் இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். டேன்டத்தில் அது சுமார் 1.7 மீட்டர். இவ்வளவு நீளமும் எடையும் உள்ள வண்டியை நிறுத்துவதும், மறுபடி இருவரும் ஒன்றாக மிதித்துக் கிளப்புவதுமே பழகாதவர்களுக்குக் கடினமான கட்டங்கள். ஒரு வாய் தண்ணீருக்காகப் பரபரப்பான சாலையில் பத்து முறை நிற்பதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

எந்த இடத்தில் எதை வைப்பது?

முதல் இடம், முன் சீட்டுக்குப் பின்னால், பின் ஹேண்டிலின் நடுவே உள்ள பகுதி. இதுதான் வண்டியிலேயே சிறந்த இடம். ஒரு சின்ன பையை அங்கே இறுக்கிக் கட்டினால் பின்னால் இருப்பவரின் கைக்கு நேரே இருக்கும். இதற்கென்று விலை கூடிய பை வேண்டியதில்லை. நல்ல தையல்காரரிடம் கெட்டித் துணியில், இரண்டு அறைகளும் ஒட்டும் பட்டைகளும் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். ஜிப்பின் நுனியில் ஒரு கயிற்றுத் துண்டு கட்டினால் தடவிப் பிடித்து இழுக்க வசதி. மிதிக்கும்போது முழங்கால் இடிக்காத அளவுக்கு அகலம் இருக்கட்டும்.

இரண்டாவது இடம், முன்னால் இருப்பவரின் முதுகுப் பக்கம். சைக்கிள் வீரர்கள் அணியும் சட்டையில் முதுகுக்குக் கீழே பை வைத்துத் தைத்திருப்பார்கள். பின்னால் இருப்பவரின் கைக்கு அது நன்றாக எட்டும். சாதாரணச் சட்டை என்றால், இடுப்புப் பையை முதுகுப் பக்கம் திருப்பிக் கட்டிக்கொள்ளலாம். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் போன்றவற்றுக்கு இது ஏற்ற இடம்.

மூன்றாவது, பிரேமில் உள்ள பாட்டில் தாங்கிகள். டேன்டம் பிரேம் நீளமாக இருப்பதால் பல பாட்டில்களுக்கு இடம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டில் தனியாக இருக்க வேண்டும். முன்னால் இருப்பவர் குனிந்து எடுக்கத் தயங்கினால், பின்னால் இருப்பவர் எடுத்து அவர் இடுப்பருகே நீட்டலாம்.

நான்காவது, முன் ஹேண்டில். இங்கே கனமான எதையும் தொங்கவிடக் கூடாது. திருப்பும் ஹேண்டிலில் தொங்கும் எடை ஆடும்போது வண்டியும் ஆடும். காய்கறிப் பையோ பிளாஸ்டிக் பையோ அங்கே தொங்கினால் சக்கரக் கம்பியில் சிக்கிவிடும். வழி பார்க்க வேண்டிய போன் மட்டும் உறுதியான பிடிப்பானில் இருக்கலாம்.

ஐந்தாவது, பின் கேரியர். ஓடும்போது யாருடைய கைக்கும் இது எட்டாது. எனவே நிறுத்திய பிறகு மட்டும் தேவைப்படும் பொருட்களுக்கு இது உரிய இடம். பம்ப், மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பேனர், மழைக்கோட்டு முதலியவை இங்கே போகட்டும். ஒரு எச்சரிக்கை: டேன்டத்தின் பின் பிரேக் கேபிளும் கியர் கேபிளும் சாதாரண வண்டியினுடையதைவிட நீளமானவை. வழியில் அறுந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்கும் கேபிள் எட்டாது. சரியான நீளத்தில் ஒவ்வொன்று வாங்கிச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் எட்ட வேண்டியவை

தண்ணீர். வெயிலில் மிதிக்கும்போது தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று விடாமல், அவ்வப்போது சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்.

மருந்து. நீரிழிவு உள்ளவர், குறிப்பாக இன்சுலின் போடுபவர், மிதிக்கும்போது சர்க்கரை அளவு திடீரென்று குறைந்து நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம். அப்போது வண்டியை நிறுத்தி ஏறக்குறைய 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான முறை. அந்த அளவைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலரும் அப்படியே கைக்கு எட்டும் பையில் இருக்க வேண்டும். ஆனால் அதை நேர் வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. யாருடைய மருந்து எங்கே இருக்கிறது என்பது இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும்.

போனும் அடையாளமும். இருவருக்கும் ஒரே போன் போதும் என்று கிளம்பாதீர்கள். பின்னால் இருப்பவரின் போன் அவரிடமே, வியர்வையும் மழையும் புகாத உறையில் இருக்கட்டும். வீட்டாரின் எண், இரத்த வகை, ஒவ்வாமை ஆகியவற்றை எழுதிய அட்டை ஒன்றும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலும் அதே உறையில் இருக்கலாம். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108 என்பதை இருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்கோலை மறக்காதீர்கள்

பலர் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது இதைத்தான். "நான் கூடவே இருக்கிறேனே, கோல் எதற்கு?" என்று முன்னால் இருப்பவர் நல்ல மனத்தோடு சொல்வார். அவர் தண்ணீர் வாங்கக் கடைக்குள் போகிறார், அல்லது விழுந்து அடிபட்டுக் கிடக்கிறார் என்று வையுங்கள். பழக்கமில்லாத சாலையோரத்தில் கோல் இல்லாமல் நிற்பவர் ஓர் அடி எடுத்து வைக்கவும் பிறரை எதிர்பார்க்க வேண்டும். எதிரே வரும் வண்டிக்காரருக்கும் அவருக்குப் பார்வை இல்லை என்பது தெரியாது. அக்டோபர் 15ஆம் நாளை உலக வெள்ளைக்கோல் தினமாகக் கடைப்பிடிப்பதே, அந்தக் கோல் தரும் சுதந்திரத்தை எல்லோருக்கும் உணர்த்தத்தான்.

மடக்குக் கோல் என்றால் முன் சீட்டுக்குப் பின்னுள்ள பையிலோ, பிரேம் பாரோடு சேர்த்து இரண்டு ஒட்டும் பட்டைகளாலோ பொருத்தலாம். அதன் ரப்பர் கயிறு வெளியே தொங்கக் கூடாது. பின்னால் இருப்பவர் இறங்கியதும் தானே எடுத்து விரிக்கும்படி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே இடம்

பார்வை இல்லாதவர் பொருளை நினைவாலும் தொடுதலாலும் கண்டுபிடிக்கிறார். நேற்று வலப்பக்க அறையில் இருந்த மருந்து இன்று இடப்பக்கம் போனால் அவருக்கு அது காணாமல் போனதற்குச் சமம். எனவே இடத்தை ஒரு முறை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். பிறகு சொல்லாமல் மாற்றாதீர்கள். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பது முன்னால் இருப்பவரின் கடமையும்கூட.

அடையாளம் வைப்பதும் உதவும். அவருடைய பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்டு, குளுக்கோஸ் பொட்டலத்தில் ஒரு முடிச்சு, சாவியில் ஒரு துணிப் பட்டை போதும். எந்தப் பையில் எது என்பதைப் பட்டியல் போட்டுச் சொல்வதைவிட, வண்டி நிற்கும்போது அவர் கையாலேயே வைக்கச் செய்தால் நன்றாகப் பதியும்.

தொங்குபவை ஆபத்து

டேன்டத்தில் செயின் ஒன்றுக்கு மேல் இருக்கும். பின் சக்கரத்துக்குப் போவது ஒன்று, இருவரின் பெடல்களையும் இணைப்பது மற்றொன்று. பெரும்பாலான வண்டிகளில் இணைப்புச் செயின் இடப்பக்கம் இருக்கும். ஆகவே வலப்பக்கத்தை மட்டும் கவனித்தால் போதாது. பையின் பட்டை, துப்பட்டா, புர்காவின் ஓரம், கைலி, தளர்ந்த பேண்ட், ஷூ லேஸ் என எது தொங்கினாலும் செயினிலோ கம்பியிலோ சிக்கும். துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளுங்கள். கைலியைத் தவிர்த்து பேண்ட் அணிந்து, இரு கால்களிலும் ரப்பர் பட்டை போடுங்கள். சட்டைப் பையில் போன் வைத்தால் குனியும்போது விழும்.

சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

பின்னால் இருப்பவர் கையை எடுக்கும் முன் "பாய், தண்ணி எடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். முன்னால் பள்ளமோ வேகத்தடையோ இருந்தால் "கொஞ்சம் இருங்க, மேடு வருது" என்று பதில் வர வேண்டும். எடுத்து முடித்ததும் "பிடிச்சுட்டேன்" என்ற ஒரு சொல். முன்னால் இருப்பவருக்கு எதையாவது கொடுக்கும்போதும், அவர் கை நீட்டும் வரை காத்திருந்து கொடுக்க வேண்டும். காற்றிலும் வண்டிச் சத்தத்திலும் நீளமான வாக்கியம் காதில் விழாது. முன்கூட்டியே பேசி வைத்த சின்னச் சொற்களே உதவும்.

கிளம்பும் முன் பத்து நிமிடம்

சாலைக்குப் போகும் முன், திடலிலோ தெருவோரத்திலோ ஒத்திகை பாருங்கள். முன்னால் இருப்பவர் காலை ஊன்றி, இரு பிரேக்கையும் பிடித்து வண்டியை நிறுத்தி வைக்கட்டும். அவர் ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்ல, பின்னால் இருப்பவர் அதை எடுத்துக் காட்டி மறுபடி வைக்கட்டும். ஐந்து எண்ணுவதற்குள் கைக்கு வராத பொருளின் இடத்தை மாற்றுங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டியபடி தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துப் பழகுங்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டியவை ஐந்து: தண்ணீர் ஆளுக்கு ஒன்று இருக்கிறதா? மருந்து முன் பையில் இருக்கிறதா? போன் ஆளுக்கு ஒன்று இருக்கிறதா? வெள்ளைக்கோல் கட்டியாகிவிட்டதா? பட்டையோ துணியோ எங்கும் தொங்குகிறதா? இவற்றைப் பின்னால் இருப்பவரே கேட்கட்டும். முன்னால் இருப்பவர் பதில் சொல்லட்டும். எல்லாம் சரி என்று அவர் சொன்ன பிறகு முதல் பெடலை மிதிக்கலாம்.