ஸ்ட்ரெயிட் தீவுக் குடியிருப்பும் பெரிய அந்தமானிய மொழியும்

1. முன்னுரை

அந்தமான் தீவுக்கூட்டத்தில் பாராடாங் தீவுக்குக் கிழக்கே, லாங் தீவுக்குத் தெற்கே, சில சதுர கிலோமீட்டர் பரப்பளவே உடைய ஸ்ட்ரெயிட் தீவு அமைந்துள்ளது. காடும் கடற்கரையும் சில வீடுகளும் கொண்ட இத்தீவின் ஒரே ஊர், பெரிய அந்தமானியர் எனப்படும் பழங்குடியினரின் குடியிருப்பு ஆகும். மக்கள்தொகையால் இவ்வூர் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் ஒரு தெருவுக்கும் ஈடாகாது. ஆயினும், மொழியியல் நோக்கில் இது பெருமுக்கியத்துவம் வாய்ந்தது. ஒரு காலத்தில் பத்து மொழிகளைக் கொண்டிருந்த தனியொரு மொழிக் குடும்பத்தின் எச்சம் இவ்வூரில்தான் ஒன்றுகூடியது. இவ்வூரில்தான் அது மறைந்தும் வருகிறது. இவ்வூர் தோன்றிய வரலாறு, அங்கு உருவான கலப்பு மொழியின் இயல்பு, அம்மொழி இந்திக்கு இடம்விட்டு விலகிய முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

2. பத்து மொழிகளும் அவற்றின் நிலப்பரப்பும்

பெரிய அந்தமானியர் ஒரே இனக்குழுவாக வாழ்ந்தவர் அல்லர். அவர்களுள் பத்துக் குழுக்கள் இருந்தன. வட அந்தமானில் சாரே, கோரா, போ, ஜேரு ஆகிய நான்கும், நடு அந்தமான் பகுதியில் கெடே, கோல், ஜுவோய், புசிக்குவார் ஆகிய நான்கும், தெற்கில் பேயா, பாலே ஆகிய இரண்டும் வழங்கின. பாராடாங் தீவு புசிக்குவார் பேசியோர்க்கும், ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவு என இன்று பெயர் மாற்றம் பெற்றுள்ள ஹேவ்லாக், நீல் உள்ளிட்ட ரிட்சி தீவுக்கூட்டம் பாலே பேசியோர்க்கும் உரியனவாக இருந்தன. எனவே, ஸ்ட்ரெயிட் தீவு இவ்விரு மொழிப் பகுதிகளையும் ஒட்டி அமைந்தது எனலாம். இன்று அத்தீவில் வாழ்வோரின் முன்னோர் பெரும்பாலும் வட அந்தமானைச் சேர்ந்தவர்கள். அஃதாவது, இவ்வூர் மக்கள் தம் சொந்த மொழி நிலத்தில் வாழ்பவர் அல்லர். இச்செய்தி பின்னர்க் கூறப்படும் மொழி மாற்றத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

இக்குழுக்களின் பெயர்களுக்கு முன் 'ஆக்கா' என்னும் ஒட்டு வருவதுண்டு: ஆக்கா-பேயா, ஆக்கா-ஜேரு, ஆக்கா-போ என்பன போல. இவ்வொட்டு வாயுடன் தொடர்புடையது; இங்கு மொழியைக் குறிக்கிறது. தமிழில் 'நா' என்னும் உறுப்புப் பெயர் 'நாநலம்' என்பதில் பேச்சைக் குறிப்பதோடு இதனை ஒப்பிடலாம். ஆனால், இவ்வொப்புமை எவ்வளவு தூரம் செல்லும் என்பது நான்காம் பகுதியில் ஆராயப்படுகிறது.

3. குடியிருப்பு தோன்றிய வரலாறு

1858ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆங்கில அரசு போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவியது. அடுத்த ஆண்டு மே 17ஆம் நாள் அபர்தீன் என்னுமிடத்தில் அந்தமானியர் குடியேற்றத்தைத் தாக்கித் தோல்வியுற்றனர். 1863இல் 'அந்தமானியர் இல்லம்' என்னும் அமைப்பு தொடங்கப்பெற்றது. காட்டிலிருந்து மக்களை அழைத்துவந்து தங்கவைத்துப் பழக்குவது அதன் நோக்கம். ஆனால், அவ்வில்லத்தின் வழியாகவே நோய்கள் பரவின. 1876இல் மேகநோய் இருப்பது கண்டறியப்பட்டது. 1877இல் தட்டம்மை கொள்ளைநோயாகப் பரவியது. புதிய நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத மக்கள் பெருந்தொகையாக மாண்டனர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இவ்வீழ்ச்சியைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1901இல் பெரிய அந்தமானியர் 625 பேர், 1911இல் 455, 1921இல் 209, 1931இல் 90, 1951இல் 23, 1961இல் 19. பத்துக் குழுக்களிலும் எஞ்சியோர் பத்தொன்பது பேர் என்னும்போது, ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு பேர்கூட முழுமையாக இல்லை என்பது பெறப்படும். தெற்கு, நடு அந்தமான் மொழிகள் இதற்குள் வழக்கொழிந்துவிட்டன. எஞ்சியவர்கள் வடபகுதி மொழிகளைப் பேசியோரே.

1949இல் எஞ்சியோர் பிளஃப் தீவில் குடியமர்த்தப்பட்டனர். 1969ஐ ஒட்டி ஸ்ட்ரெயிட் தீவுக்கு மாற்றப்பட்டனர். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வெளியார் பழங்குடிப் பகுதிகளில் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. 1976இல் தோன்றிய அந்தமான் ஆதிம் ஜன்ஜாதி விகாஸ் சமிதி என்னும் அரசுசார் அமைப்பு இவர்களின் நலப்பணிகளைக் கவனித்து வருகிறது. இந்நடவடிக்கைகளுக்குப்பின் மக்கள்தொகை சற்றே உயர்ந்தது: 1971இல் 24, 1981இல் 42, 2001இல் 43, 2011இல் 44. மக்கள் அழிவிலிருந்து மீண்டனர். ஆனால், மக்கள் மீண்ட இதே காலத்தில்தான் அவர்கள் மொழி வீழ்ந்தது. மக்கள்தொகைப் பெருக்கம் மட்டுமே மொழியைக் காப்பதில்லை என்பதற்கு இவ்வூர் தக்க சான்றாகும்.

4. மொழியின் தனித்தன்மை: உடலை அடிப்படையாகக் கொண்ட இலக்கணம்

பெரிய அந்தமானிய மொழிகளைப் பற்றிய ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. இ. எச். மேன், எம். வி. போர்ட்மன் ஆகிய ஆங்கில அலுவலர்கள் தென் அந்தமான் மொழிகளின் சொற்களையும் இலக்கணத்தையும் தொகுத்தனர். 1906 முதல் 1908 வரை அங்குக் களப்பணி செய்த இராட்கிளிஃப் பிரவுன் 1922இல் அந்தமானியர் பற்றிய நூலை வெளியிட்டார். விடுதலைக்குப்பின் எஞ்சிய மொழியை ஆராய்ந்தவர்களுள் சு. மனோகரன் குறிப்பிடத்தக்கவர், இவரது விளக்க, ஒப்பீட்டு ஆய்வு 1989இல் இந்திய மானிடவியல் ஆய்வுத்துறையால் வெளியிடப்பட்டது. 2005 முதல் விரிவான ஆவணப்படுத்தலை மேற்கொண்ட அன்விதா அப்பி 2012இல் அகராதியையும் 2013இல் இலக்கணத்தையும் வெளியிட்டார்.

இவ்வாய்வுகள் அனைத்தும் சுட்டும் சிறப்பியல்பு ஒன்று உண்டு. இம்மொழிகளில் உடல், இலக்கணத்தின் அடிப்படை அலகாக அமைகிறது. அப்பியின் பகுப்பின்படி உடல் ஏழு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறது: வாயும் அதனைச் சார்ந்தவையும், தலை, முகம் போன்ற பெரிய புறவுறுப்புகள், விரல் முதலிய கடைமுனைகள், உடலின் விளைபொருள்களும் முழுமைக்கும் பகுதிக்குமுள்ள உறவும், உள்ளுறுப்புகள், வட்ட வடிவினவும் பாலுறுப்புகளும், கால்களும் அவற்றைச் சார்ந்தவையும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஒட்டு உண்டு. உறுப்புப் பெயர் இவ்வொட்டின்றித் தனித்து வாராது. மேலும், அவ்வுறுப்பு யாருடையது என்பதையும் சுட்டியாக வேண்டும். தலையைக் குறிக்கும் 'எர்-சோ' என்பதன்முன் தன்மை ஒட்டுச் சேர்ந்தால் 'என் தலை'. முன்னிலைக்குரிய மெல்லின ஙகரம் சேர்ந்தால் 'உன் தலை'. தமிழில் மொழிமுதலில் மிக அருகியே வரும் ஙகரம், அங்கு மிக இயல்பாக முதலில் நிற்கிறது.

இவ்வொட்டுகள் பெயரோடு நின்றுவிடுவதில்லை. பெயரடை, வினை ஆகியவற்றிலும் பயில்கின்றன. ஆக்கா-பேயா மொழியில் 'பேரிங' என்பது 'நல்ல' எனப் பொருள்படும். கைக்குரிய ஒட்டு இதனுடன் சேர்ந்தால் 'திறமையுள்ள' என்றும், கண்ணுக்குரிய ஒட்டுச் சேர்ந்தால் 'கூரிய பார்வையுள்ள' என்றும், வாய்க்குரிய 'ஆக்கா' சேர்ந்தால் 'மொழிகளில் வல்ல' என்றும், தலை அல்லது நெஞ்சுக்குரிய ஒட்டுச் சேர்ந்தால் 'நற்குணமுள்ள' என்றும் பொருள் வேறுபடும். அவ்வாறே 'மென்மை, வளைவு' எனப் பொருள்படும் 'யோப்' என்னும் அடிச்சொல், சேரும் ஒட்டுக்கு ஏற்ப மெத்தையின் மென்மையையும், பிரம்பின் வளையும் தன்மையையும், கூர்முனையையும், வீழ்ந்த மரத்தின் உளுத்த நிலையையும் குறிக்கும்.

தமிழிலும் உடலுறுப்புப் பெயர்கள் பொருள் விரிவு பெறுகின்றன. கைதேர்ந்தவன், வாய்மை, தலைவன், கால்வாய் என்பன சான்றுகள். ஆயினும், இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. தமிழில் இது சொல்லாக்க நிலையில் நிகழ்வது. பேசுபவர் விரும்பினால் உறுப்புப் பெயர் இல்லாத வேறு சொல்லைத் தேர்ந்துகொள்ளலாம். பெரிய அந்தமானிய மொழிகளிலோ இது இலக்கணக் கட்டாயம். தமிழில் வினைமுற்றைத் திணை, பால் காட்டாமல் கூறுதல் பெரும்பாலும் இயலாது. அதுபோலவே அங்கும் ஒரு பண்பையோ செயலையோ உடலின் எவ்வகுப்பைச் சார்ந்தது எனக் காட்டாமல் கூறுதல் பெரும்பாலும் இயலாது. உலகை உயர்திணை, அஃறிணை எனப் பகுத்துக் காண்பது தமிழ் இலக்கணம்; மனித உடலின் பகுப்பின்வழி உலகைக் காண்பது பெரிய அந்தமானிய இலக்கணம். இத்தகைய விரிவான அமைப்பு ஜாரவா, ஓங்கே மொழிகளில் காணப்படவில்லை என்பதையும் பிற வேறுபாடுகளையும் கொண்டு, இதனைத் தனி மொழிக் குடும்பமாக அப்பி கொள்கிறார்.

5. கலப்பு மொழியின் தோற்றமும் மறைவும்

ஒரே தீவில் ஜேரு, கோரா, போ, சாரே ஆகிய மொழிகளைப் பேசிய சிலர் ஒன்றுசேர்ந்தபோது, அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுவழக்குத் தேவைப்பட்டது. ஜேருவை அடிப்படையாகக் கொண்டு, பிற மூன்றின் கூறுகளும் கலந்த மொழி உருவாயிற்று. 'இக்காலப் பெரிய அந்தமானிய மொழி' என அறிஞர்கள் குறிப்பிடுவது இதனையே. கிளைமொழிகள் ஒன்றுகலந்து பொதுமொழி உருவாவது உலகெங்கும் நகரங்களில் நிகழ்வது. ஆனால், அங்கெல்லாம் மக்கள் பெருகிக் கலந்தனர். இங்கு மக்கள் அருகிக் கலந்தனர். இவ்வேறுபாடு முக்கியமானது. பெருகிய மக்களிடம் தோன்றும் பொதுமொழிக்கு அடுத்த தலைமுறை உண்டு. அருகிய மக்களிடம் தோன்றிய இம்மொழிக்கு அத்தகைய தலைமுறை அமையவில்லை.

இதற்கான காரணங்கள் பல. முதலாவது, மணவுறவு. குழுவினுள் மணத்துணை கிடைப்பது அரிதானபோது வெளியாருடன் மணவுறவு ஏற்பட்டது. அத்தகைய வீடுகளில் பொதுமொழி இந்தியே. இரண்டாவது, கல்வி. பிள்ளைகள் பயிலும் மொழி இந்தி. மூன்றாவது, இடப்பெயர்வு. வேலை, மருத்துவம், கல்வி ஆகியவற்றின் பொருட்டுக் குடும்பங்கள் போர்ட் பிளேரில் நீண்டகாலம் தங்கின. நான்காவது, வாழ்வியல் மாற்றம். வேட்டை, மீன்பிடிப்பு, தேனெடுப்பு ஆகியவை குறைந்து அரசு வழங்கும் உணவுப்பொருள்களைச் சார்ந்த வாழ்வு ஏற்பட்டபோது, அத்தொழில்களோடு இணைந்த சொற்களும் பயன்பாடு இழந்தன.

சுற்றுப்புறத்தின் மொழிச்சூழலையும் இங்குக் கருதவேண்டும். பழைய மொழி நிலங்களில் இன்று குடியேறிகள் வாழ்கின்றனர். ஸ்வராஜ் தீவிலும் நடு அந்தமானிலும் வங்காள மொழி பேசுவோர் மிகுதி. இராங்கட் போன்ற ஊர்களில் தமிழரும் கணிசமாக உள்ளனர். மாயாபந்தர்ப் பகுதியில் 1925 முதல் கரேன் மக்கள் வாழ்கின்றனர். இவர்கள் அனைவர்க்கும் இடையே தொடர்புமொழியாக விளங்குவது அந்தமான் இந்தி. வங்காளிக்கும் தமிழர்க்கும் இவ்விந்தி வீட்டுக்கு வெளியே வழங்கும் மொழி; அவர்தம் தாய்மொழிக்குத் தாய்நிலத்தில் கோடிக்கணக்கானோர் உள்ளனர். ஸ்ட்ரெயிட் தீவினர்க்கோ வேறு தாய்நிலம் இல்லை. ஆகவே, அதே இந்தி இவர்களின் வீட்டுக்குள்ளும் புகுந்தது.

ஊர்ப்பெயர்களிலும் இம்மாற்றத்தின் சுவடு உண்டு. வட அந்தமான் மொழிகளில் ஆவியைக் குறிக்கும் 'லாவ்' என்னும் சொல்லே இந்தியப் பெருநிலத்திலிருந்து வந்தோரையும் குறித்தது. போர்ட் பிளேர்க்கு அவர்கள் வழங்கிய பெயர் 'லாவின் வீடு' எனப் பொருள்படுவது. 2024 செப்டம்பரில் இந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. ஆட்சியாளர் இட்ட பெயர்கள் மாறும்போதெல்லாம் அச்செய்தி பதிவாகிறது; முதலில் வழங்கிய பெயர் ஆய்வாளரின் அகராதியில் மட்டுமே எஞ்சுகிறது.

6. இறுதிப் பேச்சாளர்கள்

2009 நவம்பரில் கோரா மொழியின் இறுதிப் பேச்சாளரான போரோ மறைந்தார். 2010 சனவரி 26ஆம் நாள், ஏறத்தாழ 85 வயதில், போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா மறைந்தார். சாரே மொழியின் இறுதிப் பேச்சாளரான லீச்சோ 2020 ஏப்ரல் 4ஆம் நாள் மறைந்தார். போவா தம் வாழ்வின் கடைசிப் பல ஆண்டுகளில் தம் மொழியில் உரையாட எவருமின்றி, பிறருடன் பேச இந்தியைப் பயன்படுத்தினார். பறவைகளோடு தம் மொழியில் பேசிவந்தார் என அப்பி குறிப்பிடுகிறார். பறவைகள் தம் முன்னோர் என்னும் நம்பிக்கை இம்மக்களின் கதைகளில் இருப்பதை நோக்க, இதனை முதுமையின் தனிமை என மட்டும் கொள்ள இயலாது. இம்மக்களின் பறவைப் பெயர்களும் வகைப்பாடும் 2011இல் தனிநூலாகவே வெளிவந்துள்ளன.

ஒரு மொழி அதன் இறுதிப் பேச்சாளருடன் இறப்பதாகக் கூறுவது வழக்கு. ஆனால், மொழி என்பது இருவருக்கிடையே நிகழ்வது. உரையாடத் துணை இல்லாது போன நாளிலேயே அது வழக்கிழந்துவிடுகிறது. இறுதிப் பேச்சாளரிடம் எஞ்சுவது அதன் நினைவு. எனவே, தலையிட வேண்டிய காலம் பேச்சாளர் ஒருவராகச் சுருங்கிய பின்னர் அன்று. பெற்றோர் பிள்ளைகளிடம் அம்மொழியில் பேசுவதை நிறுத்தும் காலமே ஆகும்.

7. முடிவுரை

யுனெஸ்கோ இம்மொழியை மிகக் கடுமையான அழிநிலையில் உள்ளதாக வகைப்படுத்தியுள்ளது. பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டம் ஒன்றை மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல் நடத்தி வருகிறது. அகராதி, இலக்கணம், ஒலிப்பதிவு, கதைத்தொகுப்பு ஆகியன பெரிய அந்தமானிய மொழிக்கு இன்று கிடைக்கின்றன. சென்ற நூற்றாண்டில் பதிவேதுமின்றி மறைந்த பல மொழிகளை நோக்க, இது சிறிய பேறு அன்று.

எனினும், நூலகத்தில் உள்ள இலக்கணம் ஊரில் வழங்கும் மொழிக்கு ஈடாகாது. இவ்வூர்ப் பிள்ளைகள் இன்று இந்தியில் தம் தலையையும் கையையும் கூறும்போது, அவை எவ்வகுப்பைச் சார்ந்தவை எனச் சுட்ட வேண்டிய தேவை இல்லை. உடலின்வழி உலகைப் பகுத்துக்கண்ட அறிவு அவ்விடத்தில்தான் அறுபடுகிறது. சொற்களைத் திரட்டிவிடலாம், சொற்களைக் கட்டாயமாக்கிய அமைப்பை, பேசும் சமூகமின்றி மீட்க இயலாது. நீலகிரியின் தோடா, கோத்தா போன்ற சிறிய திராவிட மொழிகளைத் தம் அருகில் கொண்டுள்ள தமிழ் ஆய்வாளர்களுக்கு ஸ்ட்ரெயிட் தீவு உணர்த்தும் பாடம் இதுவே. அம்மொழிகளில் இன்னும் பிள்ளைகளிடம் பேசும் பெற்றோர் உளர். ஆவணப்படுத்தலைத் தொடங்க மட்டுமன்றி, அவ்வுரையாடல் தொடரத் துணை நிற்கவும் அதுவே உரிய காலம்.