மெதுவாகச் சென்ற குண்டு ஏன் தாழவில்லை?

ஒரே துப்பாக்கியிலிருந்து ஒரே கோணத்தில், சற்றே வேறுபட்ட வேகங்களில் புறப்படும் இரண்டு குண்டுகளில் மெதுவானது இலக்கை அடைய அதிக நேரம் எடுத்துக்கொள்வதால் புவியீர்ப்பு அதனை அதிகமாகக் கீழே இழுக்கும் என்பதும், தொலைவு கூடக் கூட இந்த வேறுபாடு பெருகும் என்பதும் பள்ளி இயற்பியலிலேயே தெரிந்துவிடும். ஆனால் பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி, அதாவது காவலர்களின் தோளில் பல தலைமுறைகள் பார்த்துப் பழகிய ‘த்ரீ நாட் த்ரீ’, இந்த விதிக்குக் கட்டுப்படாதது போலத் தோன்றும் ஓர் இயல்பு உடையது. 200 கஜத்தில் குண்டுகளை மேலும் கீழுமாகச் சிதறவிடும் அதே துப்பாக்கி, 800 கஜத்திலும் 1,000 கஜத்திலும் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாக அவற்றைச் சேர்க்கிறது என்பதை இங்கிலாந்தின் போட்டியாளர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இது விதிமீறல் அன்று. எஃகுக் குழலின் அதிர்வும் தோட்டாவின் வேகமும் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதன் விளைவு. பழைய படைத்துப்பாக்கிகளைக் கொண்டு இலக்கு நோக்கிச் சுடுவோர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே கையால் ஆக்கிக்கொள்வதன் காரணமும் இந்த இணைப்பில்தான் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் இலக்குச் சுடும் போட்டி, தன்னார்வப் படையினரின் பயிற்சியாகத் தொடங்கியது. 1859-இல் அமைக்கப்பட்ட தேசிய ரைஃபிள் சங்கம் 1860 ஜூலையில் விம்பிள்டனில் நடத்திய முதற் கூட்டத்தில், தாங்கியில் பொருத்தப்பட்டிருந்த விட்வொர்த் துப்பாக்கியை 400 கஜத் தொலைவு இலக்கை நோக்கி இயக்கி, விக்டோரியா அரசி போட்டியைத் தொடங்கிவைத்தார். 1890-இல் அக்கூட்டம் சர்ரே மாவட்டத்தின் பிஸ்லிக்கு மாறியது. படையைவிட்டு விலகிய துப்பாக்கி வகைகளுக்கென்று அங்கு இன்றும் தனிப் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றுக்குரிய படைத்தோட்டாக்களோ பெரும்பாலும் தயாரிப்பில் இல்லை. கிடைக்கும் பழைய கையிருப்பிலும் வெடிமருந்து முதுமையடைந்து, ஒரு தோட்டாவுக்கும் மறு தோட்டாவுக்கும் வேகம் வேறுபடுகிறது.

தோட்டா என்பது நான்கு உறுப்புகளின் கூட்டு: பித்தளை உறை, அதன் அடியில் பதித்த பிரைமர் எனும் தீமூட்டி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் குண்டும் மருந்தும் போய்விடுகின்றன, பிரைமர் எரிந்துவிடுகிறது, உறை மட்டும் எஞ்சுகிறது. விலையில் பெரும்பகுதி அந்த உறைக்கே உரியது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த அந்தப் பித்தளை, வாயுவின் அழுத்தத்தில் விரிந்து, அறையின் சுவரில் ஒட்டி வாயுவைப் பின்னால் கசியவிடாமல் அடைத்து, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளியே வருகிறது. இவ்வாறு விரிந்த உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர் பதித்து, துல்லியமான தராசில் நிறுத்த மருந்தை இட்டு, குண்டைக் குறித்த ஆழத்தில் அமர்த்துவதே கைத்தோட்டாத் தயாரிப்பு. உறையின் கழுத்து மீண்டும் மீண்டும் விரிந்து சுருங்குவதால் பித்தளை இறுகி விறைத்து விரிசல்விடத் தொடங்கும் என்பதால், சில சுற்றுகளுக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் சூடாக்கி அதன் இளக்கத்தை மீட்கும் வேலையும் இதனுடன் சேர்ந்ததே.

லீ-என்ஃபீல்டின் வரலாறே மருந்துக்கும் குழலுக்கும் இடையே நடந்த ஒரு சிக்கலின் வரலாறு. அதன் முன்னோடியான லீ-மெட்ஃபோர்டு 1888-இல் ஏற்கப்பட்டபோது கருமருந்தையே எரித்தது. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் அமைந்த கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாகக் குழலில் படிகிறது. அப்படிவு ஒட்டாதிருக்க, குழலை வடிவமைத்த மெட்ஃபோர்டு, அதன் உட்சுவரில் குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளங்களை ஆழமின்றியும் விளிம்புகளை உருட்டியும் வெட்டினார். அடுத்த ஆண்டிலேயே ஏபெல், டூவார் என்ற வேதியியலாளர்கள் கார்டைட் எனும் புகையற்ற மருந்தை உருவாக்கினர். நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வாசலின் 5 விழுக்காடு கலந்து கயிறு போல இழுத்த இம்மருந்து கழிவை ஏறத்தாழ ஒழித்தது. ஆனால் அதன் கடும் வெப்பம் அந்த ஆழமற்ற பள்ளங்களை விரைவில் அரித்துத் தின்றுவிட்டது. எனவே 1895-இல் ஆழமான, கூர்விளிம்புடைய ஐந்து பள்ளங்களைக் கொண்ட என்ஃபீல்டு குழல் வந்தது. துப்பாக்கியின் பெயரில் மெட்ஃபோர்டு மறைந்து என்ஃபீல்டு இடம்பெற்றதற்கு இதுவே காரணம். இதே கார்டைட்டைத் தயாரிக்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில், குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் நிறுவப்பட்ட தொழிற்சாலை இன்றும் கார்டைட் தொழிற்சாலை என்றே அறியப்படுகிறது.

இன்றைய போட்டியாளர் கார்டைட்டைத் தொடுவதில்லை. நைட்ரோசெல்லுலோசு அடிப்படையிலான மணிமருந்துகளில், எரியும் விரைவு இத்துப்பாக்கிக்குப் பொருந்துவதைத் தேர்ந்து, 1910-இல் ஏற்கப்பட்ட ஏழாம் மார்க் தோட்டாவின் அளவுகளை மீட்பதே அவரது நோக்கம்: 174 கிரெய்ன், அதாவது 11.3 கிராம் எடையுள்ள கூர்முனைக் குண்டு, நொடிக்கு 2,440 அடி வேகம். அந்தக் குண்டின் வடிவமைப்பே தனிப்பாடமாகக் கற்கத்தக்கது. உலோக உறைக்குள் முனைப்பகுதியில் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியமோ மரக்கூழோ நிரப்பப்பட்டதால் அதன் எடைமையம் பின்னோக்கி நகர்ந்தது. குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.311 அங்குலம். ஆனால் போர்க்காலக் குழல்களின் பள்ளவிட்டம் 0.313 முதல் 0.316 வரைகூட மாறுபடுவதால், மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் மெல்லத் தள்ளி, அதில் பதிந்த விட்டத்தை நுண்ணளவியால் அளந்த பின்னரே தேர்ந்தவர்கள் குண்டு வாங்குகின்றனர்.

உறையைப் பொறுத்தவரை லீ-என்ஃபீல்டு இரக்கமற்றது. சேற்றிலும் மணலிலும் அழுக்கடைந்த தோட்டாவும் தடையின்றி நுழைய வேண்டும் என்பதற்காகப் போர்க்காலத்தில் அறைகள் தாராளமாகவே குடையப்பட்டன. மேலும் அறையை மூடும் பூட்டுத்தண்டைப் பிடித்துநிறுத்தும் கொளுக்கிகள் மௌசர் துப்பாக்கியில் முன்முனையில் இருக்க, இதில் பின்புறத்தில் இருப்பதால், சுடும் கணத்தில் தண்டு முழுவதும் சிறிது அமுங்குகிறது. உறையின் முன்பகுதி சுவரில் ஒட்டிநிற்க, அடிப்பகுதி மட்டும் பின்னால் நகர்ந்து, அடிக்குச் சற்று மேலே பித்தளை வளையமாக மெலிகிறது. அதே உறையை ஒவ்வொரு முறையும் முழுமையாகப் பழைய அளவுக்கு அழுத்தி மீண்டும் சுட்டால், சில சுற்றுகளிலேயே அந்த வளையத்தில் உறை இரண்டாகப் பிரிந்து, வெப்ப வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். ஆகவே கழுத்தை மட்டும் அளவுபடுத்தி, உடலை அந்த அறையின் வடிவத்திலேயே விட்டுவைப்பது வழக்கம். புதிய உறையை முதன்முறை சுடும்போது அதன் விளிம்புக்கு முன்னே மெல்லிய ரப்பர் வளையம் மாட்டி, உறை பின்தண்டோடு ஒட்டியே இருக்கச் செய்வோரும் உண்டு. நுனி வளைத்த கம்பியை உறைக்குள் விட்டுச் சுவரைத் தடவிப் பள்ளம் தட்டுகிறதா என்று பார்ப்பது தவிர்க்கக்கூடாத சோதனை.

இப்பின்புறப் பூட்டுதான் தொடக்கத்தில் சொன்ன புதிருக்கும் விடை. மருந்து எரிந்து குண்டு குழல்வாயைக் கடக்க ஆகும் நேரம், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு. இதற்குள் பூட்டைத் தாங்கும் உடற்பகுதியின் இரு பக்கங்களும் ஒரே விறைப்பு இல்லாததாலும், பின்னுதைப்பின் அச்சு தோளில் பதியும் கட்டைக்கு மேலே அமைந்திருப்பதாலும், துப்பாக்கியின் உடல் வளைந்து, அந்த வளைவு குழல்வழியே அலையாக ஓடுகிறது. குழல்வாய் அசையாத ஒன்றன்று. குண்டு வெளியேறும் கணத்தில் அது மேலெழுந்துகொண்டோ தாழ்ந்துகொண்டோ இருக்கிறது. மல்லாக் என்ற அறிஞர் 1901-லேயே ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் துப்பாக்கிக் குழல்களின் அதிர்வுகளைக் கணித வடிவில் ஆராய்ந்திருந்தார். லீ-என்ஃபீல்டில், ஏழாம் மார்க் தோட்டாவின் வேகத்துக்கு, குழல்வாய் மேல்நோக்கிச் செல்லும் கட்டத்தில்தான் குண்டு வெளிப்படுகிறது. எனவே மெதுவான குண்டு, தாமதமாக வெளிவருவதனாலேயே, சற்று உயர்ந்த கோணத்தைப் பெற்றுவிடுகிறது.

எண்களில் பார்த்தால் இதன் அழகு இன்னும் தெளிவாகும். இரண்டு தோட்டாக்களின் வேகம் நொடிக்கு 40 அடி வேறுபட்டால், 1,000 கஜத்தில் மெதுவான குண்டு ஓர் அடிக்கு மேல் தாழ வேண்டும். அதே குண்டு குழலைவிட்டு ஒரு நொடியின் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக வெளிவருகிறது. அந்த இடைவெளியில் குழல்வாய் ஒரு பாகையின் நாற்பதில் ஒரு பங்கு உயர்ந்தாலே அந்த வீழ்ச்சி முழுவதும் ஈடுசெய்யப்பட்டு, இரண்டு குண்டுகளும் ஒரே உயரத்தில் பாய்கின்றன. ஆனால் 200 கஜத்தில் வேகவேறுபாட்டால் வரும் தாழ்வு அரை அங்குலம் அளவே. கோண உயர்வோ குண்டை மூன்று அங்குலம் தூக்கிவிடுகிறது. ஆகவே அங்கு மெதுவான குண்டு மேலே போய் விழுகிறது. நெடுந்தொலைவில் நிறையாகும் அதே இயல்பு குறுந்தொலைவில் குறையாகிவிடுகிறது. 1960-களின் பிற்பகுதியில் போட்டிகள் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாறியபோதும், லீ-என்ஃபீல்டின் நான்காம் எண் வகையின் உடலில் புதிய குழல் பொருத்திய துப்பாக்கியை நெடுந்தொலைவுக்கும், மௌசர் முறையில் முன்புறம் பூட்டும் துப்பாக்கியைக் குறுந்தொலைவுக்குமாக வைத்துக்கொண்ட போட்டியாளர்கள் இருந்தனர்.

கைத்தோட்டாவின் மதிப்பு இங்கே விளங்குகிறது. எடை குறைந்த, வேகம் மிகுந்த நவீனக் குண்டை இட்டால் மேலும் துல்லியம் வரும் என்று நினைப்பது பிழை. குண்டு வெளிவரும் கணம் மாறிவிடுவதால் அந்த ஈடுகட்டலே கெட்டுவிடலாம். மருந்தின் அளவைச் சிறு படிகளாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் வேகமானியில் வேகத்தையும் தாளில் குண்டு விழுந்த உயரத்தையும் சேர்த்துப் பதிவுசெய்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பை வரைபடமாக்குவதே சரியான முறை. மூன்று குண்டுகள் தற்செயலாக நெருங்கி விழுந்ததை வைத்து முடிவு கட்டுவது, எல்லா அளவீட்டுத் துறைகளிலும் போலவே இங்கும் ஏமாற்றத்தில்தான் முடியும். குழலைச் சூழ்ந்த மரக்கட்டை ஈரத்தில் உப்பி எஃகை அழுத்தினாலும் அதிர்வு மாறிவிடும் என்பதால், மழைநாளின் பதிவைக் கோடைநாளின் பதிவோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும்.

இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட துளையளவு. உரிமமின்றித் தோட்டா ஆக்குவது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே இக்கட்டுரை எவரையும் அதற்கு அழைக்கவில்லை. ஆனால் உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில் இத்துப்பாக்கிக்கு விடைகொடுத்தது போலப் பல இடங்களில் இவை கிடங்குகளுக்குச் சென்று, அங்கிருந்து உலைக்களம் போகின்றன. ஒவ்வொரு படைக்கலத் தொழிற்சாலையின் வேலைப்பாட்டையும் ஒவ்வொரு காலத்தின் எஃகையும் தம்முள் வைத்திருக்கும் இவற்றுள் சிலவற்றையாவது உருக்குவதற்கு முன், குழலின் பள்ளவிட்டத்தையும் அறையின் நீளத்தையும் அதிர்வையும் அளந்து, அப்பதிவுகளைப் பொறியியல் கல்லூரிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அரசு வழங்க வேண்டும்.