டைல்ஸ் பளபளக்குது... பத்திரம்?

நாமக்கல்லில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் நண்பருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி சொந்த வீடு வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோகனூரில் கட்டி முடித்திருந்த புது வீட்டைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"காவிரிக் காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வருமுங்க தம்பி!" என்று ஆரம்பித்தார் கட்டியவர். நண்பர் டைல்ஸைத் தடவினார், கிச்சனில் சொக்கிப் போனார். கேட்டது ஒரே கேள்விதான்: "அட்வான்ஸ் எவ்வளவுங்க?"

சட்டை வாங்கினால் சாயம் போகுமா என்று பத்து தடவை கேட்கிறோம். இருபது வருஷம் தவணை கட்டப் போகிற வீட்டுக்கு ஒரே கேள்வியா? ஆளை வெளியே இழுத்து வந்து ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்தேன்.

அசல் எங்கே? ஜெராக்ஸைக் காட்டினால் மயங்காதீர்கள். மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். பதிவான விவரம் மட்டும்தான் வில்லங்கத்தில் வரும். 'பவர்' வைத்து விற்கிறாரா? எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். பொதுவாக, அவர் போனால் பவரும் போச்சு!

பிளான்படி கட்டியதா? மனைக்கு டி.டி.சி.பி. அங்கீகாரம், கட்டடத்துக்கு அனுமதி பெற்ற வரைபடம் இரண்டையும் கேளுங்கள். வரைபடத்தில் கார் ஷெட், நேரில் பெட்ரூம் என்றால் உஷார்!

சுவருக்குள் என்ன? 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் பலியானார்கள். பெயின்ட்டைப் பார்த்து உறுதியைச் சொல்ல முடியாது. கட்டியவருக்கு வேண்டாத ஒரு இன்ஜினீயருக்கு ஃபீஸ் கொடுத்துக் காட்டுங்கள். ஒரு மழை நாளில் நீங்களும் போய் மொட்டை மாடியைப் பாருங்கள்.

ஆறு எதுவரை வந்தது? 2018 ஆகஸ்டில் மேட்டூரில் 2 லட்சம் கன அடி திறந்தபோது, குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. காத்து வருகிற வழியில் காவிரியும் வருமா? இதைக் கட்டியவரிடம் கேட்காதீர்கள். பக்கத்து டீக்கடையில் கேளுங்கள்!

விரிசல் விட்டால் யார் பொறுப்பு? 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவிகிதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. சாவி கொடுத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் இலவசமாகச் சரி செய்து தர வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்குள் நாலு வீடு கட்டி விற்பவருக்கு அந்தச் சட்டப் பதிவு கட்டாயமில்லை. நம்ம ஊர்ப்பக்கம் பாதி வீடு இந்த ரகம்தானே! அதனால் அதே நிபந்தனைகளை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லில் வாஸ்து மட்டும்தான் நிற்கும்; வழக்கு நிற்காது.

லிஸ்ட்டோடு நண்பர் உள்ளே போனார். முதல் கேள்வியிலேயே கட்டியவர் தலையைச் சொறிந்தார்.

"அசல்... பேங்க்ல இருக்குதுங்க தம்பி. வீடு கட்ட லோன் போட்டேன்."

கடன் வாங்கியது தப்பில்லை. கேட்கிற வரைக்கும் சொல்லாததுதான் தப்பு. "அடைச்சுட்டுப் பத்திரத்தை வாங்கி வைங்க, அப்புறமா வர்றோமுங்க" என்ற நண்பர், அட்வான்ஸ் கவரைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

காவிரிக் காத்தை மட்டும் ஓசியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.