பெயரும் பெயரனும்: மலைத்தோட்டத் தமிழரின் பெயர்மரபு

பகாங் மாநிலத்துக் கேமரன் மலை, 1885-இல் அப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கேமரன் என்பது ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடிப்பெயர். கேலிக் மொழியில் அதற்கு 'வளைந்த மூக்கு' என்று பொருள் கூறுவர். அம்மலையில் 1929-இல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஜான் ஆர்ச்சிபால்டு ரசல். ரசல் என்னும் குடும்பப் பெயர், செம்முடியுடையவரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. எவரோ ஒரு முன்னோரின் மூக்கும் முடியும் இன்றும் இப்பெயர்களில் வாழ்கின்றன. அச்சரிவுகளில் கொழுந்து கொய்த தமிழரின் முன்னோர் பெயர்கள் எங்கே வாழ்கின்றன? இவ்வினாவே இவ்வுரையின் பொருள்.

ஐரோப்பியக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் உருவம், தொழில், ஊர், தந்தை பெயர் ஆகிய நான்கின் அடியாகப் பிறந்தவை. இத்தாலியில் மிகப் பரவலாக வழங்கும் ரோஸி என்பதும் 'சிவப்பு' என்னும் பொருளதே; ரசல் என்பதற்கும் அதற்கும் மூலம் ஒரே இலத்தீன் சொல்லாகும். ஈற்றிலுள்ள இகரம் பன்மை விகுதி. ஆகவே அது தனியொருவரை விடுத்துக் குடும்பத்தையே சுட்டுகின்றது. ஃபெராரி என்பது கொல்லர் தொழிலால் வந்த பெயர். செம்முடியரும் கொல்லரும் எல்லா ஊர்களிலும் இருந்தமையால் இப்பெயர்கள் பல இடங்களில் தனித்தனியே தோன்றிப் பரவின. எனவே, ரோஸி எனும் பெயருடையார் அனைவரும் ஒரே குடும்பத்தார் அல்லர். 1563-இல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கம் பங்குதோறும் திருமணப் பதிவேடு வைக்க ஆணையிட்டது. பெயர்கள் தலைமுறைதோறும் மாறாமல் நிலைபெற அத்தகைய ஏடுகள் துணைசெய்தன.

தமிழர் மரபு வேறு. இங்கே தந்தையின் பெயர் முன்னெழுத்தாகவோ துணைப்பெயராகவோ ஒரு தலைமுறைக்கு மட்டுமே உடன்வரும். முன்பு பலர் பெயரோடு ஒட்டியிருந்தது சாதிப் பட்டம். அதனைக் களைய வேண்டுமென 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் வந்தார். ஆகவே, குடும்பப் பெயர் இல்லாமையைக் குறையென்று கொள்ளுதல் பொருந்தாது.

மலேசிய ஆவணங்களில் தமிழ் ஆண்மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கமும், பெண்ணாயின் 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கமும் இடம்பெறும். முறையே மகன், மகள் என்பன இவற்றின் பொருள். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மாரிமுத்துவின் மகன் வேலு. வேலுவின் மகள் மலர்விழி. மலர்விழியின் அடையாள அட்டையில் வேலு இருப்பார், மாரிமுத்து இரார். கப்பலேறி வந்து காடு திருத்தியவர் மாரிமுத்துவாயின், அவர் பெயர் மூன்றாம் தலைமுறையிலேயே ஏட்டை விட்டு நீங்கிவிடுகின்றது. பாட்டியின் பெயரோ மகனது அட்டையிலேயே இடம்பெறுவதில்லை.

இவ்விழப்பை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பேர்த்தியும் அவ்வாறே. ஒரு தலைமுறை இடைவிட்டுப் பெயர் மீண்டும் இல்லம் புகுந்தது. புதுப்பெயர் நாட்டம் பெருகிய இக்காலத்தில் அவ்வழக்கம் அருகிவருகின்றது. சொல் நிற்கின்றது, அதன் பொருள் நழுவுகின்றது.

எனவே, ஆசிரியர்கள் இரண்டு செய்யலாம். ஒன்று, பிறநாட்டு விண்ணப்பங்களில் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் தந்தை பெயரை எழுத நேரும்போது, அது குடும்பப் பெயர் அன்று என்பதை மாணவர்க்கு விளக்கலாம். மலர்விழியை வேலு என்று அழைப்பது அவள் தந்தையை அழைப்பதாகும். மற்றொன்று, ஒவ்வொரு மாணவரையும் தம் பாட்டன் பாட்டியர் நால்வரின் பெயர், அவர்தம் பூர்வீக ஊர், பணியாற்றிய தோட்டம் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதிவரச் செய்யலாம். கேட்டுச் சொல்வதற்குரியோர் உள்ளபோதே இப்பணி நிகழ வேண்டும். கேமரனின் பெயரை மலை காக்கும். மாரிமுத்துவின் பெயரைப் பெயரரே காத்தல் வேண்டும்.